வார்டுக்கு டேட்டாபேஸ் எட்டாத திங்கட்கிழமை

அன்பான தேவபிள்ளைகளே, போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கையைப் பிசைந்துகொண்டு அழுதவள் நான். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலப்பன்சாவடியில் ஒரு சின்ன மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். பிரிவே நான் ஒருத்திதான். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள், வெள்ளம் வரும் என்று பேச்சு வந்ததும், கீழ்த்தளத்து டேட்டாபேஸை மாடியில் புது சர்வருக்கு மாற்றினேன். ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி தனியாக ஓடும், கன்டெய்னர் என்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து போய் அங்கேயே உட்கார்ந்து சோதித்தேன். எல்லாம் வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டயாலிசிஸ் வார்டு கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. யாருக்கு என்ன எடை, எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாம் அதில்தான். அது தெரியாமல் யாரையும் மெஷினில் போட மாட்டேன் என்றார் டாக்டர். அவர் சொன்னது நியாயம்.

மாடிக்கு ஓடினேன். சர்வரில் டேட்டாபேஸ் ஜம்மென்று ஓடுகிறது! பாஸ்வேர்டை மாற்றினேன். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்தினேன். கண்டதையும் ரீஸ்டார்ட் செய்தேன். எனக்கு வருகிறது, வார்டுக்கு வரவில்லை. ஒரு நோயாளியின் மனைவி படியேறி வந்து, "இன்னாம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? அவருக்கு மூச்சு வாங்கிகினே கீது" என்றார். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் எங்கள் ஜெபக்குழு எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். எங்கள் குழுவில் யாருக்காக ஜெபித்தாலும் பெயர் சொல்லித்தான் ஜெபிப்போம். "அழாதம்மா. மெஷினுக்கு அப்புறம் ஜெபிக்கலாம். காத்துட்டு இருக்கிறவங்க பேரைச் சொல்லு" என்றார் அக்கா. எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. கேட்க வார்டுக்கு இறங்கினேன்.

மூச்சு வாங்கியவர் பெயர் தனசேகர். அவர் கட்டில் பக்கத்தில் நின்று, போனிலேயே இருவரும் ஜெபித்தோம். "ஆண்டவரே, தனசேகர் ஐயாவைக் கைவிடாதேயும்." கண்ணைத் திறந்தால் எதிரே வார்டு கம்ப்யூட்டர். அப்போதுதான் உறைத்தது. நான் இங்கிருந்து ஒருமுறைகூடச் சோதிக்கவே இல்லை!

சோதித்தேன். இணைப்பை உடனே மறுத்தது. வழியே அடைபட்டிருந்தால் பதில் வராமல் இழுத்திருக்கும். அப்படியானால் சர்வர் வரை போகிறது, அங்கேதான் உள்ளே விடவில்லை. மேலே ஓடி கன்டெய்னர் அமைப்பைத் திறந்தேன். முகவரி 127.0.0.1 என்று இருந்தது. சர்வர் தனக்குத்தானே மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு மருத்துவமனை நெட்வொர்க் முகவரியைப் போட்டேன். கன்டெய்னரை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். "இயேசப்பா" என்று மட்டும் சொன்னேன்.

கீழேயிருந்து நர்ஸ் கத்தினார், "வந்துடுச்சு மேடம்!"

இப்போதெல்லாம் எதை மாற்றினாலும் வார்டுக்குப் போய்ப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை. போகும்போது பெயர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களைவிடக் கஷ்டப்படும் ஒருவர் பெயரைக் கேட்டு, அவருக்காக முழங்கால் போடுங்கள். ஆண்டவர் உங்களையும் பார்த்துக்கொள்வார். அன்று சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து தனசேகர் ஐயா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஆட்டோவுக்குப் போனதை நான் பார்த்தேன்.