சீக்கிரமே ஓடிவிட்ட பிரிண்டர்

எண்பதுகளின் நடுவில், ஹைதராபாத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் என்னைச் சோதனை முறையில் வைத்திருந்தார்கள். அதற்கு முன் நான் டைப்பிங் செக்ஷன். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக்கான சீனியாரிட்டி பட்டியலை எடுத்துக் கொடுத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பழையபடி கார்பன் தாளும் கறுத்த விரல்களும்தான். அங்கே என் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

ஃபவுண்டரி, மெஷின் ஷாப் என்று தொழிற்சாலையின் ஒவ்வொரு வேலைப் பிரிவையும் ஷாப் என்போம். பட்டியல் ஷாப் வாரியாக வர வேண்டும். ஒவ்வொரு ஷாப்புக்குள்ளும் வேலைக்குச் சேர்ந்த தேதி வரிசை. எங்கள் ஃபைலில் ஷாப் எண்ணுக்கு மட்டும்தான் இண்டெக்ஸ் இருந்தது. ஷாப் ஷாப்பாக ஆட்களை எடுத்துத் தரும். தேதி பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் மொத்தப் பேரையும் கொட்டி, ஆதியிலிருந்து சார்ட் செய்து வரிசைப்படுத்தினோம். காலை முழுக்க மெஷின் முனகும்; சார்ட் மொத்தமும் முடிந்த பிறகுதான் பிரிண்டர் ஓடும். சாப்பாட்டு மணி அடித்ததும் அதைச் சம்பளப் பிரிவுக்கு விட்டுவிட வேண்டும். இரண்டு முறை என் வேலை பாதியில் நின்றது.

எங்கள் அதிகாரி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்துவிடும். "இன்னும் ஒரு சான்ஸ்தாம்மா. அப்புறம் என் கையில இல்ல," என்றார்.

மறுநாள் காலை அல்வால் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கேட்டை ஒட்டிய சுவரில், ஆட்களின் வருகைக்கான டோக்கன்கள் தொங்கும் பலகை ஒவ்வொரு ஷாப்புக்கும் தனித்தனியாக இருக்கும். தினமும் பார்ப்பதுதான். அன்று ஃபவுண்டரிக்காரர்கள் தங்கள் பலகை முன் வரிசையில் நின்று, டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மெஷின் ஷாப் ஆட்களின் பஸ் வந்தே சேரவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. நான் வழியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஷாப் ஷாப்பாகப் பிரிந்துதானே வருகிறார்கள், பிறகு ஏன் எல்லோரையும் ஒன்றாகக் கலந்து வரிசைப்படுத்துகிறோம்?

"நகருங்கம்மா," என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

இண்டெக்ஸ் தரும் வரிசையிலேயே ஒரு ஷாப்பைப் படி, அதை மட்டும் தேதிவாரியாக அடுக்கு, அச்சிடு, அடுத்த ஷாப்புக்குப் போ. புரோகிராமை அப்படி மாற்றி எழுதி முடிக்கவே முற்பகல் ஓடிவிட்டது. ஓட்டினேன். கை எடுப்பதற்குள் பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது.

அதிகாரி பாய்ந்து வந்து மெஷினை நிறுத்திவிட்டார்.

"கைக்கு இது இப்பவே ஓடுது? சார்ட்டே முடிஞ்சிருக்காதே!"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிரிண்டர் இவ்வளவு சீக்கிரம் ஓடினால் ஏதோ கோளாறு என்றுதான் எங்களுக்கெல்லாம் பழக்கம். எனக்கோ அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"முதல் ஷாப் முடிஞ்சிடுச்சு சார். அது எதுக்கு மத்த ஷாப்புக்காகக் காத்திருக்கணும்? தேதியைப் பாருங்க!"

அவர் தாளைக் கிழித்து, விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். தானே மறுபடி ஓட்டிவிட்டு, பிரிண்டர் பக்கத்திலேயே குழந்தை மாதிரி குனிந்து நின்றுகொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தபோது கடைசி ஷாப்பும் அச்சாகியிருந்தது. அதிகாரி கடைசித் தாளையும் கிழித்து மேஜையில் வைத்தார். நேராகப் போய் டைப்பிங் செக்ஷனுக்கு போன் போட்டார்.

"ஹவ், லிஸ்ட் வந்திருச்சு. அந்தம்மா நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துருங்க."