குளிர் நின்ற கார்களும் ஒரு சைக்கிள் ரியூபும்

காருக்கு ஏசி திருத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: செய்த பிழை வெளியில் வர எப்படியும் ஒரு கிழமை எடுக்கும். வீட்டு வளவில் காரின் போனற்றைத் திறந்து வைத்து, தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துத் திருத்திய என் சக பாவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு மானிகள்

எழுபதுகளின் கடைசியில் குவைத்திலிருந்து உரும்பிராய்க்குத் திரும்பினேன். குவைத்தில் ஒரு பெரிய கராஜில் இரண்டு வருடம் கார் கழுவியிருந்தேன். கழுவிக்கொண்டே ஏசி திருத்துகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. அந்த உண்மையை அம்மாவுக்குப் போட்ட கடிதங்களில் மட்டும் எழுதியிருந்தேன். நான் வந்துசேரும் முன்பே, அதை ஒருவருக்கும் மூச்சு விடாமல், அவ போய்ச் சேர்ந்துவிட்டா.

வரும்போது, குளிர் வாயுவின் அழுத்தம் பார்க்கிற மானி இரண்டு வாங்கிவந்தேன், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். யப்பான் வாகனங்கள் ஏசியோடு வந்திறங்கத் தொடங்கிய காலம் அது. மானியைக் கண்டதும் ஊர் என்னை மெக்கானிக் ஆக்கிவிட்டது. நானும் இல்லையென்று சொல்லவில்லை. கலியாணம் கட்டி ஆறு மாதம், வேறு தொழிலும் கைவசம் இல்லை. அந்தப் பெயர் போனால் அடுப்பு எரியாது. என் மனைவியின் தமையன் சந்தையில் நின்று சொன்னாராம்: "எங்கடை மணியம் அரபிக்கே குளிர் காட்டின ஆளெல்லோ!"

உப்புக் காத்து

மயிலிட்டியில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவர் தன் ஏசி வானைக் கொண்டுவந்தார். குழாய் பொருத்துகிற இடத்திலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, வாயு முழுக்கப் போயிருந்தது. கொழும்புக்கு எழுதினால்தான் சரியான வளையம் வரும். எனக்கா பொறுமை? தண்ணி இறைக்கிற மிசின் தொடக்கம் அறுந்த செருப்பு வரை எங்கள் ஊரில் சைக்கிள் ரியூப் போடாத இடம் ஏது? பழைய ரியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி வைத்து இறுக்கினேன். கசிகிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. வாயு அடைத்ததும் வான் ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர்ந்தது.

எட்டாம் நாள் மனிசன் திரும்பவும் வாசலில். நான் கொஞ்சமும் கூசாமல், "கடற்கரை வாகனத்துக்கு உப்புக் காத்து ஆகாது, அண்ணை" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அதே உப்புக் காத்திலை நான் அறுபது வருசமா நிண்டு பிடிக்கிறன். உன்ரை வேலை எட்டு நாள் பிடிக்கேல்லையே?"

மாப்பிள்ளையின் வேர்வை

நல்லூரில் ஒரு கலியாணம். கலியாணக் காருக்கும் நான்தான் ஏசி திருத்தியிருந்தேன், அதே ரியூப்தான். ஏசிக் கார் என்று ஊருக்குத் தெரியவேண்டுமே, தாலி கட்டி முடிந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் குளிர் நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினால் மானம் போய்விடும் என்று ஒருவரும் இறக்கவில்லை. பொம்பிளையின் பவுடர் கழுத்துவரை வழிந்திருந்தது. பந்தியில் தலை குனிந்தபடி இருந்த என்னிடம் மாப்பிள்ளை குனிந்து சொன்னார்: "மணியண்ணை, தாலி கட்டேக்கைகூட எனக்கு இப்பிடி வேர்க்கேல்லை."

அடுத்த நாளே வளையத்தைக் கழற்றிக்கொண்டு, ரவுணில் பிரிட்ஜ் திருத்துகிற, எனக்கு வாயு தருகிறவரிடம் ஓடினேன். அவர் அதை விரலால் நசித்துப் பார்த்தார். "உது ஏசிக்குள்ளை ஓடுற எண்ணெய் பட்டா ஊதிப் பிஞ்சு போற ரப்பர். குவைத்திலை உதைச் சொல்லித் தரேல்லையோ?"

தெல்லிப்பழைப் பயணம்

இதுவரை செய்தது அறியாமை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

எங்கள் ஊர்த் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தேவாலயத்துக்கு ஒரு ஞாயிறும் தவறாதவர், காரைக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி ரீச்சரம்மாவுக்கு முட்டு வருத்தம். செம்மண் புழுதி பட்டால் மூச்சு இழுக்கும். கண்ணாடியைப் பூட்டி ஏசியைப் போட்டுத்தான் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போவார். இதையெல்லாம் சொல்லித்தான் காரைத் தந்தார். "இரண்டு கிழமை பொறுங்கோ ஐயா, வளையம் கொழும்பிலிருந்து வரவேணும்" என்று சொல்லியிருக்கலாம். குவைத் மெக்கானிக்கிடம் ஒரு வளையம் இல்லையோ என்று கேட்டுவிடுவாரே! கோதாரி பிடித்த கௌரவம். அறிந்துகொண்டே ரியூபை வெட்டினேன்.

அடுத்த கிழமை ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் மல்லாகம் தாண்டவில்லை, குளிர் நின்றுவிட்டது. வெக்கை தாங்காமல் கண்ணாடியை இறக்கியிருக்கிறார்கள். ரீச்சரம்மாவை மூன்று நாள் ஆசுபத்திரியில் மறித்து வைத்தார்கள். நாலாம் நாள் ஐயா என் வளவுக்கு வந்தார். கோபமே இல்லை. "நான்தான் குளிரைக் கூட்டி வைச்சுப் பழுதாக்கிப் போட்டனோ தம்பி? என்ரை பிழையெண்டால் சொல்லும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் ஐயா, அப்பிடியும் இருக்கலாம்."

அன்று இரவே கொழும்புக்கு எழுதி, சரியான வளையத்தை எடுப்பித்துப் போட்டுக் கொடுத்தேன். கார்த் திறப்பை நீட்டும்போது, பெயர் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சைக்கிள் ரியூப், அறிந்து வெட்டியது, குவைத்தில் கார் கழுவியது, எல்லாம். அவர் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

"கார் கழுவினது எனக்கு எப்பவோ தெரியும். நீர் போன பிறகு உம்மடை அம்மாவுக்குக் கண் மங்கிப்போச்சு தம்பி, நீர் போட்ட கடிதமெல்லாம் வாசிச்சுக் காட்டினது நான்தான். கழுவின பெடியன் பாத்துப் பாத்துத் தொழில் பழகியிருப்பான் எண்டுதான் காரைத் தந்தனான். பொய்யும் பழகியிருப்பான் எண்டு நினைக்கேல்லை."

அதற்குப் பிறகு நான் தொட்ட ஏசியெல்லாம் ஒழுங்காகத்தான் குளிர்ந்தது, ஆனால் ஐயாவின் கார் என் வாசலில் வந்து நிற்கிறபோதெல்லாம் வேர்த்தது எனக்கு மட்டும்தான்.