ஓரத்தில் நின்ற மச்சான்

அண்ணன் குரூப் போட்டோ எடுப்பவர். பள்ளிக்கூடம், ஆலை, அலுவலகம் என்று வாரத்துக்கு ஆயிரம் முகங்களுக்குக் குறையாது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தால், "யார் முகத்தையும் பாக்கப் பிடிக்கல" என்பார்.

"என் முகமும் அதுல சேர்த்தியா?" என்பார் அண்ணி. அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

இடம் குறுகலாக இருந்தால் அகல லென்ஸ்தான் கதி. அது எல்லோரையும் அடக்கிவிடும். ஆனால் ஓரத்தில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஈர்க்குச்சி போன்ற ஆளும் ஊதிப்போவார். அதனால் அண்ணன் கேமராவை நெஞ்சு உயரத்தில் சாயாமல் வைத்து, வரிசையின் இரு முனையிலும் ஓர் ஆள் நிற்குமளவு இடத்தைக் காலியாக விடுவார். "ஓரத்துல நிக்காதீங்க, தள்ளுங்க" என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன், அவருடைய மாமியாரின் பிறந்தநாளன்று, அண்ணியின் அண்ணனிடமும் இதையே சொன்னார். இரண்டு பள்ளிக்கூடங்களை முடித்துவிட்டு வந்த அலுப்பு. ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார். "தங்கச்சி வீட்ல என்னைத் தள்ளி நிக்கச் சொல்றாங்க!" என்று செருப்பை மாட்டியவர்தான் அவர். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

மகனும் மகளும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால்தான் போன வாரம் மச்சான் வந்தார். எங்கள் கூடத்தில் பதின்மூன்று பேர். அண்ணனின் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. எல்லோரையும் நிறுத்தி முடித்த பிறகு உள்ளே வந்த மச்சான், காலியாக விட்டிருந்த அந்த முனையில் போய் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பட்டனை அழுத்தினார்.

"எங்க அண்ணன் மூஞ்சி ஏங்க பரங்கிக்காயாட்டம் இருக்கு?" கம்ப்யூட்டரைப் பார்த்த அண்ணி பதறினார். "இதை அனுப்பினா, வேணும்னே பண்ணினதுன்னு சொல்லுவாரு. மறுபடியும் ஆறு வருஷமா?"

மூன்று நாட்கள், வேலை முடிந்து வந்ததும் அண்ணன் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினார். ஓரத்தை அமுக்கினால் மச்சானின் முகம் ஒழுங்காகிவிடும். ஆனால் பின்னாலிருந்த கதவு வில்லாக வளையும். வளைந்த விளிம்பை வெட்டிச் சமன்செய்தால் மச்சானின் தோளும் ஒரு காதும் போய்விடும்.

"காதில்லாம அனுப்பவா?"

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு?"

இல்லை. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனை எடுத்தார். அவராக மச்சானுக்குப் போன் போட்டு நான் பார்த்ததில்லை.

"மச்சான், படம் கெட்டுப்போச்சு. நீங்க நின்ன இடம் லென்ஸ் இழுக்கற இடம். முகம் அகலமா வந்திருக்கு. தப்பு என்னோடதுதான். அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?" மச்சானின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சொன்னா கிளம்பிடுவீங்கன்னு பயம்."

"அப்போ அன்னிக்குத் தள்ளுன்னு சொன்னதும் இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"அதை வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன மாப்பிள்ளை?"

"அன்னிக்குக் காலையிலேர்ந்து நானூறு பேரு மச்சான். பேச முடியல."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர்முனையில் இருமல், பிறகு எங்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் ஏதோ கேள்வி.

"மொட்டைமாடியில எடுத்துடலாம். நான் பின்னால போக இடம் இருக்கு, அந்த லென்ஸே வேணாம். நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க."

போனை வைத்துவிட்டு அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை வர்றாராம். அம்மா பக்கத்துலதான் நிப்பாராம்." கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "வாரத்துல ஒரு நாள் தூங்குவேன். அதுவும் போச்சு."