அப்பா எங்களை நடக்கச் சொன்ன நாள்

எங்கள் அப்பா கிள்ளான் நகருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாத்தா குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்து இறந்தார் என்றுதான் உறவில் சொல்வார்கள். அந்த அவப்பெயருக்கு அஞ்சியே அப்பா மதுவைத் தொட்டதில்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கி, பிறகு சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டி, என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார்.

ஐம்பது வயதை ஒட்டி அவருடைய நடை தள்ளாடியது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில், அவர் குடித்திருப்பதாக எண்ணி ஒருவர் தம் குழந்தையை இழுத்துக்கொண்டு விலகினார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கினார். நடக்க வேண்டுமென நினைத்ததும் மூளையிலிருந்து கட்டளை கிளம்பி, முதுகுத்தண்டு வழியே நரம்புகளில் ஓடித் தசைகளைச் சேர்கிறது. எவ்வளவு தூக்குவது, எங்கே ஊன்றுவது என்று அந்த அசைவைச் சீராக்குவது பின்தலையிலுள்ள சிறுமூளை. அப்பாவுக்கு அது சுருங்கிக்கொண்டிருந்தது. கால்களில் வலு இருந்தது, அளவுதான் தவறியது. குணப்படுத்த மருந்தில்லை, பரம்பரையாக வருவது, பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு என்றார்.

காரில் திரும்பும்போது அப்பா, "அப்போ எங்கப்பா குடிச்சிட்டு விழலம்மா. இதே நோயிதான் லா," என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு எங்கள் இருவரையும் வீட்டு நடையில் நிற்க வைத்தார். "அந்தத் தரைக் கோட்டு மேல நடந்து காட்டுங்க. அப்பா பாக்கணும்."

நான் நேராக நடந்தேன். தங்கையின் கால் கோட்டை விட்டு விலகியது. சிலிப்பர் வழுக்கியதாகச் சொன்னாள். அப்பாவின் முகத்தில் பயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

பின்னர் அப்பாவின் பேச்சு குழறியது. கோப்பையை எடுக்க நீட்டிய கை அதைத் தாண்டிப் போனது. குடித்த தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கியது. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. தங்கை அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் அவளுடைய பாதங்களையே பார்ப்பார். நுரையீரலில் சளி கட்டி, எங்கள் கைகளைப் பிடித்தபடியே கண் மூடினார்.

அவரைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், செராஸிலிருந்து வந்து உணவூட்டிய அத்தைக்கும், இந்த முதலாண்டு நினைவு வழிபாட்டுக்கு வந்துள்ள அனைவருக்கும் எங்கள் நன்றி.

இந்த நோய்க்காக நாங்கள் இருவரும் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையின் முடிவு சென்ற மாதம் வந்தது. தங்கைக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. அப்பா இதை அறியாமலே போனார். அதற்காக இறைவனுக்கும் நன்றி சொல்கிறேன்.