கார்டு பெட்டியையும் எண்ணியவள்

ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது வேலித்தாங்கல். என் தங்கை பேபி பிறந்ததும் வளர்ந்ததும், இன்று அங்கன்வாடி டீச்சராக இருப்பதும் அங்கேதான். பதிவேட்டில் அவள் பெயர் ரூபாவதி. நாற்பத்து நான்கு வயதாகியும் ஊருக்கு அவள் பேபி டீச்சர்.

எங்கள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை செய்தார். அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது நானும் பேபியும் சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவோம். அப்போது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. ஒரு நாள் நான் ஐம்பத்தேழு என்றேன். அவள் ஐம்பத்தெட்டு என்றாள்.

"கடைசில வர்றது கார்டு பொட்டி. அதுல சரக்கு இல்ல. அத்த எண்ணக் கூடாது" என்றேன்.

"உள்ள ஒரு ஆளு குந்திகினு கீறாரு. எப்டி எண்ணாம வுடறது?" என்றாள்.

அப்பா சிரித்துக்கொண்டே அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவள் பிளஸ் டூ முடித்து, அஞ்சல் வழியில் படித்து பி.ஏ. வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். சான்றிதழை லேமினேட் செய்த கடைக்காரர் மூலையில் ஒரு காற்றுக் குமிழியை விட்டுவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டவன் நான். தாவீதுக்குத் தங்கச்சி என்று அவளை யாரும் சொன்னதில்லை. பேபி டீச்சருக்கு அண்ணன் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை.

2017 பிப்ரவரியில் குடிநீர்த் திட்டத்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. பன்னிரண்டு தெரு. பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று நிரந்தரமாகக் குடியிருப்போர், மற்றது தற்காலிகமாகத் தங்கியிருப்போர்.

வீட்டில் எத்தனை பேர் என்று எடுத்தவுடன் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிடிக்காது. பிள்ளைகளை எண்ணினால் கண் படும் என்பார்கள். அதனால் பேபி முதலில், "நீங்க எந்த ஊரு?" என்று பேச்சுக் கொடுப்பாள். அந்தப் பேச்சிலேயே மாமியார், கொழுந்தன், கைப்பிள்ளை எல்லாரும் ஒவ்வொருவராக வந்து விழுந்துவிடுவார்கள்.

முதல் நாள் நாற்பது வீடு முடித்து, சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ண்ணா, ஒரு டவுட்டு. நாலாவது தெரு முனியம்மா அக்கா கீறாங்க இல்ல, பதினோரு வருசமா இங்கதான் கீறாங்க. ஊரு எதுன்னா செஞ்சின்றாங்க. ரேஷன் அங்க, ஓட்டு அங்க. எந்தக் கட்டத்துல போடறது?"

முனியம்மா பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலை செய்பவர். ஒற்றை அறையில் ஐந்து பேராக வாடகைக்கு இருந்தார்.

"பொங்கலுக்கு வூட்ட பூட்டிகினு 'ஊருக்குப் போறோம்'னு போறாங்களா, இல்லியா?" என்று கேட்டேன்.

"போறாங்க."

"அப்ப அவங்க வாயாலயே சொல்லிட்டாங்களே. இது அவங்க ஊரு இல்ல. தற்காலிகம்னு போடு."

"பதினோரு வருசம் தற்காலிகமாண்ணா?"

"படிச்சவ தானே நீ? வந்தவங்க வந்தவங்கதான். எல்லாரையும் ஊர்க்காரன்னு எழுதினா நாளைக்கு நம்ம பேரு எங்க இருக்கும்?"

அவள் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பென்சிலால் எழுதினாள். மறுநாள் அதன்மேல் பேனாவால் எழுதினாள்.

எல்லா வீட்டிலும் அதே கேள்வி, அதே மாதிரி பதில். நாவலூர் கம்பெனி வாசலில் காவல் வேலை பார்ப்பவருக்கு ஊர் கள்ளக்குறிச்சி. மகன் படிப்புக்காக வந்து சமைத்துப் போடுகிற அம்மாவுக்கு ஊர் அரியலூர். பன்னிரண்டு தெருவிலும் நிரந்தரம் 1,140 பேர், தற்காலிகம் 2,386 பேர். கூட்டலில் ஒரு பிழை இல்லை. நானே மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

மேல்நிலைத் தொட்டிக்கு நிரந்தரம் என்ற கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர் என்று பெருக்கி, ஒன்றரை லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்டினார்கள். 2020இல் அது திறந்தபோது தெருக்களுக்கு வால்வு திறந்து மூடும் வேலை எனக்குக் கிடைத்தது. முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருக்கிற ஜனத்துக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நாற்பத்திரண்டு லிட்டர்கூட வரவில்லை. தெருக்களை மூன்றாகப் பிரித்து, மூன்று நாளைக்கு ஒரு முறை நாற்பது நிமிடம் திறந்தேன். அடுத்த நான்கு வருடத்தில் ஓட்டு வீடுகள் மாடியாகி, ஒவ்வொரு மாடியிலும் மூன்று போர்ஷன் எழுந்தது. நிமிடம் முப்பதாகக் குறைந்தது.

2024 மே மாதம் தொட்டிக்குக் கீழே கூட்டம் கூடியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கையில் பழைய கணக்கெடுப்பின் நகலோடு வந்திருந்தார்.

"மேடம், நீங்க கொடுத்த கவுண்ட்லதானே இந்த ஸ்கீம் போட்டாங்க?"

"ஆமா சார்" என்றாள் பேபி.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரை டெம்பரரின்னு போட்டிருக்கீங்க. யார் சொல்லிப் போட்டீங்க?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வால்வு சாவியைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன்.

"யாரும் சொல்லல சார். என் தப்புதான்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் முனியம்மாதான் பேசினார்.

"அந்தப் பொண்ண இன்னாத்துக்கு சார் கேக்கற? ஊரு எதுன்னு கேட்டுது, நாங்க செஞ்சின்னு சொன்னோம். புழைக்க வந்த எடத்த எவனாச்சும் ஊருன்னு சொல்லுவானா?"

"அதில்லம்மா, எல்லாரும் இங்கேயே வந்து குவிஞ்சா எந்த டேங்க் தாங்கும்? ஓவர் பாபுலேஷன். அதான் ப்ராப்ளம்."

"நீ எந்த ஊரு சார்?"

"எனக்கு... நேட்டிவ் கும்பகோணம்."

கூட்டம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டார். முனியம்மா சிரிக்கவில்லை.

"செஞ்சியில மாசாமாசம் சம்பளம் வர்ற மாதிரி ஒரு வேலை இருந்தா நான் ஏன் சார் இங்க வந்து கக்கூஸ் கழுவறேன்?"

கஸ்தூரிரங்கன் கையிலிருந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமைகளிலும், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் பேபி மறுபடி பன்னிரண்டு தெருவும் ஏறி இறங்கினாள். யாரும் அனுப்பவில்லை, படியும் இல்லை. இந்த முறை ஊரைக் கேட்கவில்லை. "எந்தக் குழாய்ல தண்ணி புடிக்கிறீங்க? எத்தினி கொடம்?" என்று கேட்டாள். தாளின் பின்பக்கம் ஏன் வந்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டாள். வேலை, பிள்ளை படிப்பு, வைத்தியம், மழை இல்லாதது. 4,912 பேர். அதில் பாதிக்கு மேல், சொந்த மாவட்டத்திலேயே வேலையும் கல்லூரியும் இருந்தால் நாளைக்கே கிளம்பத் தயார் என்றார்களாம்.

இரண்டாவது தொட்டி கேட்டு எழுதிய மனுவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் நீட்டினாள். கஸ்தூரிரங்கனும் முனியம்மாவும் ஏற்கெனவே போட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தார்கள். பேனாவை வாங்கினவன் அப்போதுதான் சொன்னேன்.

"அன்னிக்கு தற்காலிகம்னு போடச் சொன்னது நான்தான் சார். பேபி கேட்டுச்சு, நான்தான் சொன்னேன்."

கஸ்தூரிரங்கன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வருஷமா சொல்லலையா?" என்றார்.

முனியம்மா மட்டும், "அதான பாத்தேன். மூணு நாளுக்கு ஒருக்கா வால்வு தொறக்க வர்றப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுகினே வந்தியே வால்வுக்காரரே" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டதும் பேபி தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். "வுடுண்ணா. பென்சிலோட நிறுத்தியிருக்கணும். பேனாவ எடுத்தது நான்தான்."

அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் முன்பக்கத்தை மட்டும் படித்தார். பின்பக்கத்தை அவள் காட்டியபோது, "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றாராம். 2025 நவம்பரில் பதில் வந்தது. எண்ணிக்கை சரிதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் இரண்டாவது தொட்டிக்கு இடம் இல்லை. 2017இல் தொட்டியை ஒட்டிக் காலியாகக் கிடந்த மனையில் இப்போது நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு நிற்கிறது. அன்று எல்லாரையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தால் அந்த மனையும் சேர்ந்து தொட்டிக்கு வந்திருக்கும். அடுத்த திட்டத்தில் பார்க்கிறோம் என்று கடைசி வரி.

"அந்த நாப்பத்தெட்டையும் எண்ணிட்டேன்ணா" என்றாள் பேபி.

இந்தப் பொங்கலுக்கும் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் ஊர்ந்தன. நாலாவது தெருவில் வரிசையாகப் பூட்டு. போகியன்று வால்வைத் திறந்தேன். முப்பது நிமிடம் கழித்து மூடப் போனால், குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. எங்களுக்கு அது தாராளமாகப் போதும். காணும் பொங்கல் வரைக்கும் போதும். வருடத்தில் அந்த நான்கு நாள்தான் நான் சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது.