கரடிக்குக் கிடைக்காத நாய்ப்பங்கு

கொற்கையில் பிச்சம்மாளோடு சண்டை போடாத வீடு கிடையாது. அதற்கு அவள் எடுத்துக்கொண்டது மூன்றே வாரம்.

நாற்பத்திரண்டு பங்குனியில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. தூத்துக்குடி பாதி காலியானது. பதினோரு வருஷமாக அவள் கூட்டிப் பெருக்கிய பங்களாவின் கப்பல் ஏஜெண்டு துரையும் மலைக்கு ஓடினான். பின்கட்டுச் சாவியையும் நாயையும் அவளிடம் விட்டுப்போனான். அவள் ஒரு தகரப்பெட்டியோடும் அந்த நாயோடும் பிறந்த ஊரான கொற்கைக்கு வந்து இறங்கினாள்.

நாய் துரையுடையதும் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் நார்வே நாட்டுக் கப்பல் கப்பித்தான் ஒருவன் விட்டுப்போனது. அவன் ஊர்ப் பனிக்காட்டில் எருமை உயர மானை வேட்டையாடும் பழைய சாதி. கப்பித்தான் சொன்னதைப் பங்களாச் சமையற்காரி பிளாரன்ஸ்தான் பிச்சம்மாளுக்குத் தமிழில் சொன்னாள். "முடிய வெட்டப்படாதாம். சோத்த அள்ளிப் போட்டா ஊதிப் போவுமாம். கூப்பிட்டா வரும்னு மட்டும் நம்பாதளா, அது நெனச்சாத்தான் வருமாம்." அதன் பெயர் பிச்சம்மாள் வாயில் நுழையவில்லை. கரடி என்று வைத்துக்கொண்டாள்.

விறைத்த காது, முதுகின் மேல் சுருண்ட வால், சாம்பல் நிறத்தில் அடர்ந்த முடி. தெருவில் பார்த்தவர்கள், "நரிக்கும் செம்மறிக்கும் பொறந்ததா?" என்று சிரித்தார்கள். நாவிதர் தளவாய் கத்தரியோடு வந்தார்.

"ஒட்ட வெட்டிவிட்டா குளுந்து கெடக்கும்ளா."

"ஒம்ம தலைய வெட்டிக்கிடும். அந்த முடிதான் அதுக்குக் கூரை. பிரிச்சுட்டா வெயிலு தோலுல எறங்கும்."

அடிமுடியை மட்டும் மரச்சீப்பால் வாரி வாரி எடுத்தாள். பஞ்சு பஞ்சாக வந்தது. மத்தியானம் தண்ணீர்ப்பானைக்குக் கீழே ஈரமணலில் படுக்கவிட்டாள். அங்கே படுத்தபடியே அது தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்தது. கடிக்காது; நிறுத்தவும் செய்யாது.

தெரு கொதித்தது. ஊர் வேட்டைக்குத் தலைவர் மந்திரமூர்த்தி வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, நாய அடக்குதியா, நான் அடக்கவா?"

"வேட்டைநாய் குரைக்காம, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கும்?"

"வேட்டைநாயா! ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. நாய்ப்பங்கு வாங்கிட்டா ஊர்ல கெடக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம இங்கன இருக்கப்படாது."

வேட்டையில் காட்டுப்பன்றியைப் பிடித்த நாயின் வீட்டுக்குப் பன்றியின் ஒரு முன்னங்கால் போகும். அதுதான் நாய்ப்பங்கு. எது பிடித்தது என்பதில் தகராறு வராமலிருக்க, பன்றி விழுந்ததும் நாய்களின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். ரத்தம் இருக்கிற வாய்க்குப் பங்கு.

ஞாயிற்றுக்கிழமை வாழைத்தோட்டத்தில் பன்றி கிளம்பியது. மந்திரமூர்த்தியின் செவலைநாய் சத்தமில்லாமல் நேரே பாய்ந்து, உதடு கிழிந்து, ஊளையிட்டபடி அவர் காலடிக்கே திரும்பியது. கரடி பாயவில்லை. பன்றியைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது. பன்றி முட்ட வந்தால் பின்னால் துள்ளியது. ஓடப் பார்த்தால் குறுக்கே போய் நின்றது. கால்மணி நேரத்தில் பன்றி வரப்பில் முதுகை ஒட்டி, நாயைத் தவிர வேறெதையும் பாராமல் நின்றது. மந்திரமூர்த்தி சாவகாசமாக நடந்து போய் வேல்கம்பை இறக்கினார்.

வாய்களைத் திறந்தார்கள். கரடியின் பல் பச்சரிசி மாதிரி வெளுத்திருந்தது. செவலையின் வாயெல்லாம் ரத்தம்.

"பங்கு செவலைக்கு" என்றார் மந்திரமூர்த்தி.

"அண்ணாச்சி, அது பன்னி ரத்தமா? ஒம்ம நாயோட உதட்டு ரத்தம்லா!"

"ரத்தம் ரத்தந்தான். கத்துனதுக்கெல்லாம் கறி கெடையாது."

"நிப்பாட்டி வச்சது யாரு? நின்ன பன்னியக் குத்துனதுக்கு மீசைய வேற முறுக்குதீரு!"

ஆண்கள் சிரித்தார்கள். கண்ணால் பார்த்த அவர்களே முன்னங்காலை அறுத்தெடுத்தார்கள். முன்னங்கால் மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை பிச்சம்மாள் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கினாள். தெருமுனையில் மந்திரமூர்த்தி நின்றிருந்தார்.

"நாயத்தான் போகச் சொன்னேன். நீ இருந்துக்கோளா."

"அடுத்த பன்னி வரும் அண்ணாச்சி. அதுகிட்ட ஒம்ம செவலை வாயத் தொறந்து காட்டும்."

தூத்துக்குடி ரோட்டில் இன்னும் வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. பாயும் பானையுமாக ஓடி வந்த ஒரு வண்டிக்காரன் கத்தினான்: "எங்கன போறீய? அங்க குண்டு விழப்போவுது!"

இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பங்களாவின் பின்கட்டுச் சாவி இருந்தது.

"விழட்டும்" என்றாள். கரடி அந்த வண்டிமாட்டைச் சுற்றி வந்து குரைத்து நடுரோட்டில் நிறுத்தி வைத்திருந்தது. வண்டிக்காரன் திட்டினான். அவள் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். அதுவாக நினைத்து அவள் பின்னால் வர, வண்டிக்காரன் ஒரு பாட்டம் திட்டி முடிக்க வேண்டியிருந்தது.