இடது முன் சக்கரம்

சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடு கழன்று கைக்கு வந்ததும் பசீர் அகமது முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார். அளந்து பார்ப்பதெல்லாம் அப்புறம். கண்ணை மூடி, பூக்கடையில் நிற்கிறவர் போல மெதுவாக ஒரு மூச்சு இழுப்பார். பிரேக் ஆயில் கசிந்திருந்தால் ஒரு வாசம், கிரீஸ் பட்டிருந்தால் ஒரு வாசம், பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுகிற ஆளாக இருந்தால் முடி பொசுங்கியது போல இன்னொரு வாசம். மூச்சை வெளியே விடும்போது தீர்ப்பும் வந்துவிடும்.

"உங்க வீட்டம்மா ரெண்டு காலாலயும் ஓட்டுறாங்க சார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வந்தவர் வாயடைத்து நிற்பார். அப்படி அவர் நிற்கிற அழகைப் பார்ப்பதற்காகவே பசீர் அகமது தொழில் செய்கிறார் என்று அவர் மனைவி ஷம்சாத் சொல்வதுண்டு.

அமெரிக்க ஊரான பிளானோவில் இந்திய மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய கொட்டகை. காரைத் தூக்கும் லிஃப்ட் இரண்டு, இரண்டும் சொந்தக் காசு. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. பரமக்குடி லாரிப் பட்டறையில் ஸ்பானர் பிடித்து, பாலைவனத் தம்மாமில் பதினோரு வருஷம் டிரெய்லர்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, எவன் தயவும் இல்லாமல் எழுந்து நின்ற மனிதர். "வாசல்ல நிக்கிற காரெல்லாம் யாரு காரு? அத்தனையும் மாஸ்டர்ஸ் படிச்சவன் காரு. மிதிச்சா நிக்கலைன்னா இந்த அஞ்சாங்கிளாஸ்கிட்டதான் வந்தாகணும்" என்பார். வெள்ளி மதியம் தொழுகைக்குப் பூட்டுவார். ஞாயிறு முழுக்கத் திறந்திருப்பார்.

வேகக் கார் வைத்திருக்கும் பையன்கள் இன்டர்நெட்டில் அச்சடித்த காகிதக் கத்தையோடு வருவார்கள். ரோட்டார் என்று இங்கே சொல்கிற, சக்கரத்துக்குள் சுழலும் அந்த இரும்புத் தட்டில் ஓட்டை போட்டது வேண்டும், கோடு கிழித்தது வேண்டும், ரேஸ் பேடு வேண்டும் என்று ஒப்பிப்பார்கள். பசீர் கத்தையை வாங்கிக் கையைத் துடைத்துக்கொள்வார். "ஓட்டை போட்டது பாக்க நல்லாருக்கும். ஓட்டையில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். ரேஸ் பேடு சூடு ஏறினாத்தான் கடிக்கும். காலைல பால் வாங்கப் போறப்போ குறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தா, அது சூடேறுற வரைக்கும் நிக்குமா?" கடைசியில் சாதாரணத் தட்டும் தெருவுக்கு ஏற்ற பேடும் மாட்டிக்கொண்டுதான் போவார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து ஊரான காப்பெலிலிருந்து சபரிநாதன் வந்தான். ஜெர்மன் கார், கறுப்பு நிறம், மெல்லிய கம்பிகள் வைத்த சக்கரம். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"அங்கிள், பிரேக் அடிச்சா யாரோ ஸ்டீயரிங்கைப் புடிச்சு ரைட்ல இழுக்கிறாங்க."

"யாரோன்னா?"

"தெரியல அங்கிள். ஓவியா இப்பல்லாம் பக்கத்துல உட்காரவே மாட்டேங்கறா. அவ சைடுதான் போய் மோதப் போகுதுங்கறா." ஓவியா அவன் மனைவி; இந்த ஊரில் ஓட்டுகிறவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். கார் இழுத்த நாளையெல்லாம் அவள்தான் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள். ஐந்து மாதத்தில் ஒன்பது முறை. ஒன்பதும் அவன் காரை எடுத்த ஞாயிற்றுக்கிழமைகள். வாரம் முழுக்க ஆபீசுக்கு இதே காரில்தான் போகிறான்; செவ்வாய், புதனுக்குள் இழுப்பு குறைந்துவிடும். வேறு இரண்டு கடைகளில் பேடும் தட்டும் புதிதாக மாற்றியாயிற்று. பேடுகளை அழுத்தும் பிடிப்பானையே மாற்றியாயிற்று. அடுத்து எடுத்த ஞாயிறே மறுபடியும் அதே இழுப்பு.

"நெக்ஸ்ட் சண்டே ரேஸ் டிராக்ல புக் பண்ணிருக்கேன் அங்கிள். நூத்திப் பத்து மைல் போகும். உலகத்துலயே பெஸ்ட் பேடு எதுவோ அதைச் சொல்லுங்க."

பசீர் சாவியை வாங்கினார். ஆளில்லாத பின்சாலையில் நாற்பது மைலுக்கு ஏற்றி மிதித்தார். ஸ்டீயரிங் அவர் கைக்குள் மெல்ல, அவசரமே இல்லாமல், வலப்பக்கம் திரும்பியது. தம்மாமில் பிரேக்கே இல்லாத லாரியை மணலில் ஏற்றி நிறுத்தியவர் அவர். அன்றைக்குப் பயப்படவில்லை. இன்றைக்குத் தன்னையறியாமல் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

கழற்றினால், வலது பக்கம் சுத்தம். இடது முன் சக்கரத்தில், தட்டை இரு பக்கமும் கவ்வும் இரண்டில், உள்பக்கப் பேடும் சுத்தம். வெளிப்பக்கப் பேடு மட்டும் கண்ணாடி போல மினுமினுத்தது. முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் மூக்கு சந்திக்காத வாசம். ஆனால் தெரிந்த வாசம். அதுதான் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. பேடைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பருகே நின்ற ஷம்சாத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லெண்ணெய்" என்றார் ஷம்சாத், திரும்பிக்கூடப் பார்க்காமல். "கருக விட்டுட்டாங்க. யார் வீட்டுச் சட்டி?"

பசீர் பேடைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினார். அந்தக் கார் சபரிநாதன் வீட்டில் ராத்திரியெல்லாம் பூட்டிய கராஜுக்குள்தான் நிற்கும்; வெளியாள் கை படாது. சபரிநாதனுக்கு போன் போட்டார். "வீட்ல வேற யாரு தம்பி இருக்கா?" "அம்மா அங்கிள். ராமாத்தாள். விசிட்டர் விசாவுல வந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஏன்?" "ஒண்ணுமில்ல. சனிக்கிழமை காலைல சும்மா ஒரு தடவை வந்து பாக்கறேன்."

"போய்ச் சத்தம் போடாதீங்க" என்றார் ஷம்சாத். "ஊரைக் கூட்டி நான் கண்டுபுடிச்சேன்னு சொல்லணுமே உங்களுக்கு. வாயைக் கட்டிக்கிட்டுப் போங்க."

அதுவரை கொட்டகையிலேயே நின்ற காருக்கு வெள்ளி சாயங்காலம் புதுத் தட்டும் புதுப் பேடும் மாட்டி, பத்துத் தடவை மிதித்துப் பழக்கி அனுப்பினார். கார் நூல் பிடித்தது போல நேராக நின்றது. சனிக்கிழமை, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் காப்பெலில் அந்த வீட்டு முன் இறங்கினார். தெருவில் ஈ காக்கை இல்லை. புல்தரைக் குழாய்கள் மட்டும் எங்கோ சீறிக்கொண்டிருந்தன.

கராஜ் கதவு ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியே ஊதுபத்திப் புகை தரையோடு ஊர்ந்து வெளியே வந்தது. பசீர் குனிந்தார். சபரிநாதன் காரைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவான். மூக்கு வாசலைப் பார்த்து நிற்கும். வலது சக்கரம் சுவர் அலமாரியை ஒட்டி இருந்தது. இடது சக்கரத்துக்கு முன்னால் மெட்டி இல்லாத இரண்டு கால்கள், கறுப்புச் சேலை ஓரம், ஒரு பித்தளைக் கிண்ணம். உடம்பும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. ஒரு கை மட்டும் சக்கரக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து, கறுப்புத் துணியில் முடிந்த எள் மூட்டையை எண்ணெயில் தோய்த்து, புதுத் தட்டின் மேல் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு எண்ணெய் வைப்பது போல. முணுமுணுப்பு கேட்டது. காரிடம்தான் பேச்சு.

"எம் பையனை உட்ருங்க சாமி. என்னையக் கொண்டுக்கங்க."

பசீருக்குப் பிடரி முடி நட்டுக்கொண்டது. தொண்டையைச் செருமினார். கை அப்படியே நின்றது.

"யாருங்க?"

"பிரேக் பாய்ம்மா. சபரி தம்பிக்கு மாட்டிக் கொடுத்தவன்."

"உள்ளார வந்துராதீங்க. பூசை நடக்குதுங்க."

பசீர் கதவுக்கு வெளியே சிமெண்டில் குந்தினார். "எத்தனை வாரமாம்மா?"

"வந்ததுல இருந்துங்க. பையனுக்கு ஏழரைச் சனி. வண்டியில கண்டம், சனிக்கிழமையானா இரும்புக்கு எண்ணெய் சாத்தோணும்னு ஜோசியர் போன்ல சொன்னாருங்க. இந்த வண்டியில வேறென்ன இரும்பு கண்ணுக்குத் தெரியுது? எல்லாம் பெயின்ட்டு. முன்னால இது ஒண்ணுதானுங்களே மின்னுது." குரல் தாழ்ந்தது. "நான் ஆரம்பிச்ச மக்யா நாளே வண்டி இழுத்துப் போட்டுதுங்க. பாத்தீங்களா, அந்தச் சனி எத்தனை பக்கத்துல வந்து நிக்குதுன்னு? அப்பறம் ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியா உட்டேன். வண்டி வழுக்க வழுக்க நானும் சேத்திச் சேத்தி உட்டேன். நான் உடலீன்னா எம் பையன் இந்நேரம் இருக்க மாட்டானுங்க."

கார்க்காரர்களிடம் அதட்டிச் சொல்லியே பழகிய நாக்கு அவருடையது. அன்றைக்குச் சொல் தேடியது.

"சாமி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. இந்தத் தட்டு தெரியும். கார் நிக்கணும்னா பேடு இதை இறுக்கிப் புடிக்கணும். எண்ணெய் பட்டா புடிக்காது. ஒரு சொட்டு போதும். இடது பக்கம் புடிக்காம வலது பக்கம் மட்டும் புடிச்சா வண்டி வலது பக்கம் இழுக்கும்."

  கை கம்பிகளுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது.

"அப்போ... நானுங்களா?"

கை எள் மூட்டையைக் கிண்ணத்துக்குள் போட்டது. அதே நேரம் உள்ளே வீட்டுக் கதவு திறந்தது. "அம்மா? யார்கிட்ட பேசறீங்க?" செருப்புச் சத்தம் நெருங்கியது. ராமாத்தாளின் கைகள் கிண்ணத்தை எங்கே மறைப்பது என்று தெரியாமல் தடுமாறின.

பசீர் அகமது இடுக்குக்குள் கையை நீட்டினார். கிண்ணத்தையும் எள் மூட்டையையும் பிடுங்கி வெளியே இழுத்துக்கொண்டார். கராஜ் கதவின் மோட்டார் உறுமியது. கதவு மேலே ஏறியது.

"அங்கிள்! இவ்ளோ சீக்கிரமா?" சபரிநாதன் கண்ணைக் கசக்கினான். "என்ன, ப்ராப்ளம் தெரிஞ்சிடுச்சா?"

ராமாத்தாள் சக்கரத்தருகே அப்படியே உட்கார்ந்திருந்தார். 

"இல்ல தம்பி" என்றார் பசீர். "எனக்குப் புடிபடல. இடது சக்கரத்தை இன்னொரு தடவை கழட்டித் துடைச்சு வேற பேடு போட்டுத் தரேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது."

"அது என்ன அங்கிள் கையில, எண்ணெய்?"

பசீர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அந்த வாசலிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, எண்ணெயை உள்ளங்கையில் கவிழ்த்து, இதுவரை ஒரு நாளும் வலித்திராத தன் முட்டியில் வைத்து, "யா அல்லா" என்று முனகியபடி அழுத்தி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.